பல் டாக்டருக்குப் பிடித்த எடிட்டர்

"பிடிச்ச எடிட்டர் எதுன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"எந்தப் பத்திரிகைக்கு?"

"கடவுளே!" அவள் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டாள். "பத்திரிகை இல்ல. கம்ப்யூட்டர்ல எழுதுற எடிட்டர். டெக்ஸ்ட் எடிட்டர்."

"ஓ! வேர்டு."

"அந்தப் பேரை எங்க வீட்ல எடுத்துடாதே. போன வருஷம் என்கூட வேலை பார்க்கிற ஒருத்தன் சாப்பிட வந்தான். நல்ல பையன். அப்பா இதே கேள்வியைக் கேட்டார், அவனும் இதே பதிலைச் சொன்னான். அப்பா எழுந்து போய் வாசல் விளக்கைப் போட்டுட்டு வந்து உக்காந்தார்."

"போட்டா என்ன? வெளிச்சமா இருந்திருக்கும்."

"மத்தியான வெயில்ல போட்டார். கிளம்பலாம்னு அர்த்தம்."

பல் டாக்டர் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். அன்றைய கடைசி நோயாளியும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போயாகிவிட்டது. நோயாளிகளுக்கான நாற்காலியில் அவள் கால் நீட்டிச் சாய்ந்திருந்தாள். தலைக்கு மேலே வட்ட விளக்கு, அணைத்துவைத்த நிலாவைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அறையில் எப்போதும் நாற்காலியில் இருப்பவர்தான் நடுங்குவது வழக்கம். இன்றைக்கு முக்காலியில் இருப்பவனுக்கு வியர்த்தது.

அவள் மென்பொருள் எழுதுகிறவள். கடைவாய்ப்பல் வலிக்கிறது என்று வந்து, வலி போன பிறகும் வந்துகொண்டே இருந்தவள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனை வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தார்கள். கல்யாணப் பேச்சு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கல்யாணப் பேச்சுதான்.

"எங்க வீட்ல எல்லாமே லினக்ஸ்," என்று அவள் பொறுமையாக ஆரம்பித்தாள். "விண்டோஸ் மாதிரி அதுவும் கம்ப்யூட்டரை ஓட்டுற ஒரு சிஸ்டம்தான். ஆனா காசு கிடையாது, யார் வேணும்னாலும் பிரிச்சு மேயலாம். அதுல எழுதுறதுக்குன்னே எத்தனையோ எடிட்டர் இருக்கு. ஒவ்வொருத்தரும் ஒண்ணைப் பிடிச்சுப்பாங்க. பிடிச்சா விடமாட்டாங்க."

"நீ எதைப் பிடிச்சிருக்கே?"

"நானோ."

"நீயேதான்."

"எடிட்டர் பேரே நானோ! எந்த பட்டனை அமுக்கினா என்ன நடக்கும்னு அதுவே கீழ எழுதிக் காட்டும். வீட்ல மூச்சு விட்டுடாதே. இன்னும் மூணு சக்கர சைக்கிள் ஓட்டுறேன்னு சிரிப்பாங்க."

"உங்க அப்பாவுக்கு எது?"

"ஈமாக்ஸ். நான் பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து."

"அண்ணனுக்கு?"

"விம்." அவள் விளக்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "அங்கதான் எல்லாம் போச்சு."

போன கதையைச் சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அண்ணன், அப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்று, "இதையே விம்ல மூணு தட்டுல முடிச்சிடலாம்ப்பா" என்று சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான் சொன்னான். பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் அறையைக் காலமெல்லாம் கட்டிக்காத்து ஓய்வு பெற்றவர் அப்பா. அவர் திரும்பிப் பார்க்காமலேயே, "அப்போ அந்த மூணு தட்டுல சோத்தையும் வாங்கிச் சாப்பிட்டுக்கோ" என்றாராம். அன்றிலிருந்து ஒரே வீட்டில், ஒரே மேஜையில், இரண்டு பேரும் அம்மா வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்கள்.

"ரெண்டு பேரும் சரின்னு சொல்லணும்," என்றாள் அவள். "ஒருத்தரை மூஞ்சி தூக்கிவச்சுக்க விட்டுட்டு நான் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன். ஆனா கேள்வி கேக்கப்போறது அப்பாதான். அதனால நீ ஈமாக்ஸ்."

"சரி, நான் ஈமாக்ஸ். சொல்லிட்டாப் போச்சு."

"சொன்னா நம்பமாட்டார். உக்காரவச்சு விரலைப் பார்ப்பார். யார் எந்தக் கட்சின்னு விரலே காட்டிக்குடுத்துடும். கீபோர்டைப் பார்த்தா இன்னும் சுலபம். ஈமாக்ஸ்காரங்க எதுக்கெடுத்தாலும் கன்ட்ரோலைத்தான் அமுக்கணும், அதனால அது தேஞ்சிருக்கும். விம்காரங்களுக்கு எஸ்கேப் தேஞ்சிருக்கும்."

"எங்ககிட்டயும் அப்படித்தான்," என்றான் பல் டாக்டர், முதல்முறையாகச் சற்றே தெம்பாக. "எந்தப் பக்கம் மெல்லுறாங்கன்னு பல்லு தேஞ்சிருக்கிறதைப் பார்த்தே சொல்லிடுவேன்."

"ஏதோ ஒண்ணு தெரிஞ்சிருக்கே, அதுவரைக்கும் சந்தோஷம்," என்று அவள் பையிலிருந்து ஒரு பழைய லேப்டாப்பை எடுத்து, கொப்பளிக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

*

ஈமாக்ஸ் ஒரு பெரிய மாளிகை மாதிரி இருந்தது. எந்தக் கதவைத் திறந்தாலும் இன்னொரு கூடம். எழுதியதைச் சேமிக்கவேண்டும் என்றால் கன்ட்ரோலை அமுக்கிக்கொண்டு எக்ஸ், அதை விடாமலே எஸ். வெளியே போகவேண்டும் என்றால் கன்ட்ரோல் எக்ஸ், கன்ட்ரோல் சி. தெரியாமல் எதையாவது தொட்டுத் தொலைத்தால் கன்ட்ரோல் ஜி. அவன் மூன்றாவதைத்தான் அதிகம் பயன்படுத்தினான்.

அந்த மாளிகையின் ஏதோ ஒரு மூலையில், சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு டாக்டரும் இருந்தார். 'டாக்டர்' என்று கட்டளை கொடுத்தால் திரையில் ஒரு மனநல மருத்துவர் வந்து, உங்கள் பிரச்சினையைச் சொல்லுங்கள் என்று கேட்பார். வெறும் பொம்மை நிரல்தான். ஆனாலும் ஒரு டாக்டரை இன்னொரு டாக்டர் விசாரித்து அவன் பார்த்ததில்லை. நெஞ்சு நெகிழ்ந்து, 'எனக்கு ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் பயமாக இருக்கிறது' என்று எழுதினான்.

'ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்' என்றது அது.

அவன் சொன்னான். நிறையவே சொன்னான். வெளியே காத்திருந்த இரண்டு பேர் எழுந்து போனார்கள்.

செவ்வாய்க்கிழமைக்குள் கன்ட்ரோல் வேலையைக் காட்டிவிட்டது. அதை அமுக்கி அமுக்கியே இடது சுண்டுவிரல் விண்விண்ணென்று தெறித்தது. வாய்க்குள் கண்ணாடி பிடித்த கை நடுங்கியது.

"டாக்டர், கை ஆடுதே?" என்றார் நாற்காலியில் இருந்த பெரியவர், வாயில் பஞ்சோடு.

"ஒண்ணுமில்லீங்க. ஈமாக்ஸ்."

பெரியவர் பஞ்சைத் துப்பினார். "தொத்துமா?"

இப்படியாக அவன் ஒரு வழியாக ஈமாக்ஸ்காரன் ஆகிக்கொண்டிருந்தபோது, புதன்கிழமை முன்னறிவிப்பு இல்லாமல் அண்ணன் வந்தான்.

நெடுநெடுவென்று வளர்ந்த ஆள். கடவாயில் வீக்கம். இடது சுண்டுவிரலில் பிளாஸ்திரி.

"விரல்ல என்ன ஆச்சு?"

"கதவுல நசுங்கிடுச்சு," என்றான் அண்ணன் அவசரமாக. "பல்லைப் பாருங்க டாக்டர். ஞாயித்துக்கிழமை நீங்க வரும்போது நல்லா சாப்பிடணும்ல."

பல் டாக்டர் லேப்டாப்பை மூடி அதன்மேல் ஒரு துண்டை வீசினான். தன் விரலும் அதே இடத்தில்தான் வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டான். பாவம், உறவுக்காரர்கள் ஆகப்போகிறோம், வலியாவது பொருந்தியிருக்கிறதே என்று தோன்றியது. மரத்துப்போகிற ஊசியை எடுத்துக்கொண்டு குனிந்தபோது அண்ணன் அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

"ஊசி போடறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். உண்மையைச் சொல்லணும். உங்களுக்குப் பிடிச்ச எடிட்டர் எது?"

ஊசி வைத்திருந்தவன் டாக்டர். பயந்தவனும் டாக்டர்தான்.

அண்ணனின் கண்ணைப் பார்த்தான். ரொம்ப நாளாக யாரும் பக்கத்தில் வந்து உட்காராத பூங்கா பெஞ்சு மாதிரி இருந்தது அந்தப் பார்வை. ஈமாக்ஸ் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். "விம்," என்று வந்தது.

அண்ணன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அவனைக் கட்டிப்பிடித்தான். ஊசி பறந்துபோய்த் தொட்டியில் விழுந்தது.

"அந்த வீட்ல எனக்குன்னு ஒரு ஆள் இல்லாம தவிச்சுப்போயிருந்தேன் மச்சான்! ஞாயித்துக்கிழமை அப்பா கேப்பார். நீங்க அவர் முகத்தைப் பார்த்துச் சத்தமா சொல்லணும். சொல்லுவீங்கல்ல?"

"சொல்லிடலாம்," என்றான் பல் டாக்டர், யாருடைய குரலிலோ.

*

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்கே!" என்று போனில் அவள் கத்தினாள்.

"உங்க அண்ணன் கண்ணைப் பார்த்து என்னால பொய் சொல்ல முடியல."

"நீ சொன்னதுதான் பொய்!"

அதுவும் வாஸ்தவம்தான். பொய்யை உண்மையாக்க ஒரே வழி, விம்மையும் கற்றுக்கொள்வது.

திறந்தவுடன் அது அவனை மதிக்கவே இல்லை. 'வணக்கம்' என்று அடித்தால் எழுத்து வராமல் எங்கெங்கோ தாவியது. அரை மணி நேரம் சண்டைபோட்ட பிறகுதான் விஷயம் பிடிபட்டது. விம்முக்கு இரண்டு நிலைகள். ஒன்றில் எழுதலாம், வேறெதுவும் செய்ய முடியாது. இன்னொன்றில் வெட்டலாம், ஒட்டலாம், நகர்த்தலாம், ஆனால் எழுத முடியாது. எழுதப்போவதற்கு ஐ விசை. திரும்பி வர, கீபோர்டின் மேலே இடது மூலையில் இருக்கும் எஸ்கேப்.

பல் டாக்டர் முக்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். இது அவனுக்குத் தெரிந்த உலகம்! வாய் திறந்திருந்தால் அவன் வேலை செய்யலாம், நோயாளி பேச முடியாது. நோயாளி பேச ஆரம்பித்தால் அவன் வேலை செய்ய முடியாது. இத்தனை வருஷமாக அவன் விம்முக்குள்ளேதான் வாழ்ந்துகொண்டிருக்கிறான்!

அதற்குப் பிறகு விம் அவனுக்கு வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வந்தது. சங்கடம் என்னவென்றால், அது போகவேண்டிய இடத்தோடு நிற்கவில்லை. ஒரு வாக்கியம் பேசி முடித்தவுடன் அவன் இடது கை மேல் மூலையைத் தேடிப் போய்த் தட்டியது. சாப்பாட்டுத் தட்டில் தட்டியது. கருவித் தட்டில் தட்டி, குறடு தரையில் விழுந்தது. நோயாளிகளுக்கு நேரம் குறித்து அவனே அனுப்புகிற குறுஞ்செய்திகளின் முடிவில், விம்மில் சேமித்துவிட்டு வெளியேறுகிற கட்டளை தானாக ஒட்டிக்கொண்டது. 'நாளை பத்து மணிக்கு வரவும் :wq' என்று ஊரில் பாதிப் பேருக்குப் போய்விட்டது.

கிளினிக்கில் நேரம் குறிக்கிற அக்கா போனைப் பொத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"டாக்டர், ஒரு அம்மா கேக்குறாங்க. அந்த கோலன் டபிள்யூ கியூவைச் சாப்பாட்டுக்கு முன்னாடி போடணுமா, பின்னாடியா?"

அவன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். பிறகு எல்லாவற்றையும் அக்காவிடம் கொட்டிவிட்டான். அப்பா, அண்ணன், வாசல் விளக்கு எல்லாவற்றையும். அக்கா நகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இதுக்குப் போய் ஏன் டாக்டர் உருகுறீங்க? என் போன்ல ரெண்டு சிம் இருக்கு. ஒண்ணு எங்க வீட்டுக்காரரோட பேச, ஒண்ணு மாமியாரோட பேச. போன் ஒண்ணுதான். அந்த மாதிரி ரெண்டையும் ஒண்ணுக்குள்ள போட முடியாதா?"

அவன் தலையை நிமிர்த்தினான். தேடிப் பார்த்தான். இருந்தது! ஈமாக்ஸுக்குள்ளேயே விம்மைப் போல நடந்துகொள்கிற ஓர் ஏற்பாடு. வெளியே பார்த்தால் ஈமாக்ஸ். விரலுக்கு விம். அதற்கு வைத்திருந்த பெயர்தான் கொஞ்சம் உறுத்தியது, 'ஈவில்'. தீயது என்று பொருள். இருக்கட்டும், பெயரில் என்ன இருக்கிறது. இரண்டு பக்கமும் நல்ல பல் இருந்து நடுவில் வெற்றிடம் இருந்தால் பாலம் கட்டுவதுதானே அவன் தொழில்?

அன்று மாலை வீட்டுக்கு நடந்துபோகும்போது தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. ஒவ்வொரு விளக்கும் தனக்காகவே போட்டதுபோல அவனுக்கு இருந்தது. விளக்கு போடுவதற்கு அந்தக் குடும்பத்தில் வேறு அர்த்தம் உண்டு என்பது அந்த நேரம் மறந்துபோயிற்று.

*

ஞாயிற்றுக்கிழமை மேஜையின் ஒரு கோடியில் அப்பா, மறு கோடியில் அண்ணன். நடுவில் பல் டாக்டரும் அவளும். அம்மா உட்காரவே இல்லை. உட்கார்ந்தால் இந்த வீட்டில் தபால் நின்றுவிடும்.

"அம்மா, அந்தத் தண்ணியை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு," என்றான் அண்ணன்.

"ஏங்க, தண்ணியைக் கொஞ்சம் தள்ளுங்களேன்."

"அவனுக்குக் கை இருக்குன்னு சொல்லு."

"உனக்குக் கை இருக்காம்டா."

"இருக்குன்னு எனக்கும் தெரியும்னு சொல்லு."

அம்மா சொல்லவில்லை. தண்ணீரைத் தானே எடுத்து நகர்த்தினாள். அப்பா ஒவ்வொரு வாக்கியத்தையும் முடித்துவிட்டு இடது கையால் மேஜை விரிப்பின் மூலையை ஒரு தட்டுத் தட்டினார். பார்க்க மிரட்டலாக இருந்தது. பெரிய மனிதர்கள் முற்றுப்புள்ளி வைப்பதே தனி அழகு என்று பல் டாக்டர் நினைத்துக்கொண்டான்.

"தம்பி, இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க," என்றாள் அம்மா.

"போதும் ஆன்ட்டி."

அவனுக்கு எதுவும் இறங்கவில்லை. ஜன்னல் ஓரம் அப்பாவின் கம்ப்யூட்டர் இருந்தது. கீபோர்டின்மேல் பூப்போட்ட துண்டு ஒன்று, தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துவதைப்போல ஓரம் மடித்துப் போர்த்தியிருந்தது. எதிர்ச் சுவரோரம் அண்ணனின் மேஜை. அங்கேயும் ஒரு துண்டு. இரண்டு ராஜ்ஜியங்கள், நடுவில் ஒரு சோபா.

தட்டுகள் எடுக்கப்பட்டன. காபி வந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி தம்பி. பல்லைப் பத்தியெல்லாம் நான் கேக்கப்போறதில்ல. அது உங்க பாடு." ஒரு தட்டு. "உங்களுக்குப் பிடிச்ச எடிட்டர் எது?" இன்னொரு தட்டு.

அண்ணன் நாற்காலியின் நுனிக்கு வந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"சொல்றதைவிடக் காட்டிடுறேன் அங்கிள்," என்று பல் டாக்டர் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேஜையில் திறந்து வைத்தான். திரையில் ஈமாக்ஸ் மலர்ந்தது.

அப்பாவின் மீசைக்குக் கீழே ஒரு புன்னகை புறப்பட்டது. அண்ணனின் முகம், காற்றுப் பிடுங்கிய பலூன்போலச் சுருங்கியது.

பல் டாக்டர் ஐ தட்டினான். ஒரு வரி எழுதினான். எஸ்கேப். டி, டி. வரி மொத்தமும் மறைந்தது.

அண்ணனின் முகம் மறுபடி ஊதியது. அப்பாவின் புன்னகை பாதி வழியில் நின்றது.

"இது... என்ன இது?"

"இது ஈமாக்ஸ்தான் அங்கிள். உள்ள விம்மும் இருக்கு. ரெண்டுமே எனக்குப் பிடிச்சிருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து இருக்க முடியும்னு காட்டத்தான்..."

அவன் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு அது. அதற்குப் பிறகு கைதட்டல் வரவேண்டும். வரவில்லை. 

"அதாவது," என்றார் அப்பா மெதுவாக, "என் வீட்டுக்குள்ள இவனைக் குடிவச்சுட்டு, அதை என்கிட்டயே காட்டுறீங்க."

"எங்க ஆளைப் பிடிச்சுக்கிட்டுப் போய் அவர் வீட்ல வேலைக்கு வச்சுட்டீங்களே மச்சான்!" என்றான் அண்ணன். "உங்களை நம்பினேனே!"

"அப்படியில்ல, ரொம்ப நல்லா வேலை செய்யுது. நீங்களே தொட்டுப் பாருங்க அங்கிள்." லேப்டாப்பை அப்பா பக்கம் தள்ளினான்.

அப்பா சூட்டில் கை வைத்ததுபோல இரண்டு கையையும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நான் எதுக்குத் தொடணும்? எனக்கு அதெல்லாம் வராது!"

"அண்ணா, நீங்களாவது..."

அண்ணன் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு எழுந்தே விட்டான். "என்னைத் தொடச் சொல்லாதீங்க! ஈமாக்ஸ்ல எனக்கு ஒண்ணுமே தெரியாது. ஒண்ணுமே!"

கேட்டதற்குக் கொஞ்சம் அதிகமாகவே இரண்டு பேரும் பதறினார்கள். ஆனால் அதை யோசிக்கிற நிலையில் பல் டாக்டர் இல்லை. ஏனென்றால், அடுத்து அப்பா திரும்பியது மேஜையின் மறுகோடிப் பக்கம்.

"பார்த்தியாடா இதை?"

நேராக. அம்மா வழியாக அல்ல.

அண்ணன் பழக்கத்தில் அம்மா பக்கம் திரும்பி, பிறகு நேராக அப்பாவைப் பார்த்தான். "பார்த்தேன்ப்பா. அநியாயம்."

"ரெண்டையும் கலக்குறதாம்!"

"எப்படிப்பா மனசு வருது?"

"உள்ள வா. பேசணும் இதைப் பத்தி."

"வர்றேன்ப்பா."

இருவரும் எழுந்தார்கள். போகிற வழியில் அப்பா வாசல் பக்கம் திரும்பினார். டக் என்ற சத்தம் கேட்டது. வெளியே, உச்சி வெயிலில், வாசல் விளக்கு எரிந்தது. பிறகு அறைக்கதவு சாத்திக்கொண்டது.

பல் டாக்டர் அந்த விளக்கையே பார்த்தான். வெயிலில் அதன் வெளிச்சம் தெரியவே இல்லை. ஆனால் அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

"போச்சு," என்றாள் அவள். கண்ணில் நீர் கோத்திருந்தது. "ஒருத்தர் வேண்டாம்னு சொன்னா இன்னொருத்தரை வச்சுச் சமாளிக்கலாம்னு இருந்தேன். நீ ரெண்டு பேரையும் ஒண்ணு சேர்த்துட்டே."

"நான் அதுக்குத்தானே வந்தேன்," என்றான் அவன், பரிதாபமாக.

"உன்னை எதிர்க்கிறதுக்கு இல்ல!"

அவள் போய் அறைக்கதவில் காதை வைத்துக்கொண்டாள். அவன் லேப்டாப்பை மூடினான். சேமிக்கக்கூடத் தோன்றவில்லை. காபிக் கோப்பைகளையாவது கொண்டுபோய் வைப்போம், இந்த வீட்டில் கடைசியாக ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுப் போவோம் என்று எடுத்தபோது, அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். அவனைத் தாண்டி வாசலுக்குப் போனாள். விளக்கை அணைத்தாள்.

"பட்டப்பகல்ல என்ன வெளிச்சம்," என்றாள். "தம்பி, கொஞ்சம் சமையல்கட்டுக்கு வாங்க. அந்தத் துண்டோட அவர் கீபோர்டையும் எடுத்துக்கிட்டு வாங்க. துண்டை விலக்காதீங்க. நான் பையனோடதை எடுத்துக்கிறேன்."

"ஆன்ட்டி, அதை யாரும் தொடக் கூடாதுன்னு..."

"தூசி தட்டுறது யாருன்னு நினைச்சீங்க? வாங்க, அவங்க வெளிய வர்றதுக்குள்ள."

கதவடியில் நின்ற மகள் திரும்பிப் பார்த்து, ஈரக் கண்ணோடு கிசுகிசுத்தாள். உள்ளே அப்பா சிரிக்கிறாராம். அண்ணனும் சிரிக்கிறானாம். "பையன் பாவம்டா, ரொம்பத்தான் கஷ்டப்பட்டுப் படிச்சிருக்கான்" என்றுகூட ஏதோ பேச்சு வந்ததாம். அவளால் நம்ப முடியவில்லை.

சமையலறையில் அம்மா இரண்டு கீபோர்டுகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். துண்டை விலக்கவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட என்னவோ வெள்ளையா ஒரு பூச்சு இருக்காமே? பல்லுல வச்சு நீல வெளிச்சம் காட்டினா கல்லு மாதிரி ஆயிடுமாம். வருஷக்கணக்கா தேயாதுன்னு பொண்ணு சொன்னா. நிஜமா?"

"நிஜம்தான் ஆன்ட்டி. யாருக்குப் பல்லு?"

அம்மா அறைக்கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துண்டுகளை விலக்கினாள். வரிசை வரிசையாக விசைகள், இரண்டு பெரிய வாய்களைப் போல. பழக்கத்தில் பல் டாக்டர் குனிந்து பார்த்தான். இரண்டிலும் ஒவ்வொரு விசை மட்டும் மழமழவென்று தேய்ந்து குழிந்திருந்தது. அதன்மேல் இளஞ்சிவப்பு நகப்பூச்சால் யாரோ பொறுமையாக எழுத்தைத் திரும்ப வரைந்திருந்தார்கள். அதுவும் பாதி அழிந்திருந்தது.

"அவரோடதுல எஸ்கேப், பையனோடதுல கன்ட்ரோல்," என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தி. "இவர் கட்சி மாறினது அவனுக்குத் தெரியாது, அவன் கட்சி மாறினது இவருக்குத் தெரியாது. தெரிஞ்சா யார் முதல்ல தோத்ததுன்னு சண்டை வந்து இன்னொரு ரெண்டு வருஷம் தண்ணி தள்ளணும், எனக்கு உடம்புல தெம்பு இல்ல. நகப்பூச்சு ஒரு வாரம்கூட நிக்க மாட்டேங்குது. நீங்க நிரந்தரமா எழுதிக் குடுத்துடுறீங்களா, மாப்பிள்ளை?"